வேலை விளம்பரத்தில் வரும் 'கெப்ஃப்லேக்ட்'

தம்பி, இங்கே ஜெர்மனியில் ஹோட்டல் வரவேற்பு வேலைக்கு 'கெப்ஃப்லேக்டெஸ் எர்ஷைனுங்ஸ்பில்ட்' ('கெப்ஃப்லேக்ட்' ஆன தோற்றம்) வேண்டும் என்று போட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் சிவப்பாக, பார்க்க லட்சணமாக இருக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விண்ணப்பியுங்கள். அந்தச் சொல்லில் நிறமும் இல்லை, முக அழகும் இல்லை. இனத்தையோ பூர்வீகத்தையோ காரணமாக்கி ஆளை ஒதுக்குவதை 2006இல் வந்த சமநடத்தைச் சட்டம் (இங்கே 'ஆ-கே-கே' என்பார்கள்) தடுக்கிறது.

'ப்ஃப்லேகன்' என்றால் பேணுவது. நம் ஊர்ப் பெண்களும் பையன்களும் இங்கே வந்து செய்கிற நர்சிங், முதியோர் பராமரிப்பு வேலைக்கு 'ப்ஃப்லேகெ' என்று பெயர், அதே வேர்தான். ஆக கெப்ஃப்லேக்ட் என்றால் பேணி வைத்தது. லட்சணம் பிறப்போடு வருவது, இது தினமும் நாம் செய்வது. என் பாட்டி சொல்லும் 'நறுவிசு'தான் இதற்குக் கிட்டத்தில் வரும். தாடியை எடுக்கவும் வேண்டாம், ஒழுங்காக வெட்டிய தாடியையும் கெப்ஃப்லேக்ட் என்றுதான் சொல்வார்கள்.

வந்த புதிதில் நான் ஒரு உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, நல்ல சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், எல்லாம் சரியாக இருந்தும் மேலாளர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்காலத்தில் நடைபாதையில் உப்புத் தூவுவார்கள் இல்லையா, அது கறுப்பு ஷூவில் காய்ந்து அலை அலையாக வெள்ளைக் கோடு போட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும், அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், வீடு தேடும்போதும் இந்தச் சொல் வரும். 'கெப்ஃப்லேக்டெ வோனுங்' என்றால் புதிதாகப் புதுப்பித்த வீடு என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு 'ரெனோவியர்ட்' என்று தனிச் சொல் உண்டு. இது பழைய வீடுதான், ஆனால் சீராக வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பழைய கார் விளம்பரத்தில் 'ஷெக்ஹெஃப்ட்-கெப்ஃப்லேக்ட்' என்றிருந்தால் சர்வீஸ் எல்லாம் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: 'உன்கெப்ஃப்லேக்ட்' என்று யாரையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள், இங்கே அது பெரிய அவமானம். நேர்காணலுக்குப் போகிற அன்று, உள்ளே நுழைவதற்கு முன்பு ஷூவை ஒருமுறை குனிந்து பாருங்கள்.