தள்ளுவண்டியில் வந்த திருத்தங்கள்

அன்புள்ள சார்,

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் தூய காற்றுக்குச் சட்டம் கொண்டுவந்தார் என்று புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். நாற்பது வருஷம் பதவியில் இருந்தால் யார்தான் சட்டம் கொண்டுவர மாட்டார்கள்? இங்கேயும்தான் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார்கள். ஆலைகள் நிறைந்த நம் மணலியில் காற்று மாறவில்லையே?

ஒரு வாசகர், எர்ணாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

1975 முதல் 2015 வரை, நாற்பது வருஷம்தான். ஆனால் எங்கே உட்கார்ந்தார் என்று பாருங்கள். 1979-லேயே சுகாதாரம், சுற்றுச்சூழல் துணைக்குழுவின் தலைவராகி, பதினாறு வருஷம் அந்த நாற்காலியை விடவில்லை.

1982-இல், ஆலை, கார் புகையைக் கட்டுப்படுத்தும் தூய காற்றுச் சட்டத்தைத் தளர்த்த ஒரு மசோதா வந்தது. முன்னால் நின்றவர் ஜான் டிங்கல். வாக்ஸ்மனின் சொந்தக் கட்சிக்காரர், அந்தத் துணைக்குழு அடங்கிய பெரிய குழுவுக்கே தலைவர், டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்கு வேண்டப்பட்டவர். வாக்ஸ்மன் சுமார் 600 திருத்தங்களை எழுதி, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஏற்றிக் குழு அறைக்குள் கொண்டுவரச் செய்தார். ஒவ்வொன்றாக எடுத்தால் என்றைக்கு முடியும்! மசோதா அங்கேயே படுத்துவிட்டது. அப்புறம் 1990-இல் சட்டத்தை இறுக்கினார்கள். அதுவரை இருபது வருஷத்தில் ஏழே ஏழு காற்று நச்சுகளுக்குத்தான் அங்கே வரம்பு இருந்தது. புதுச் சட்டம் 189 பொருள்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது.

காப்புரிமை முடிந்த மருந்தை மற்றவர்களும் மலிவாகத் தயாரிக்கும் ஜெனரிக் மருந்துகளுக்கு வழிவிட்ட 1984 சட்டத்திலும் அவர் பெயர் உண்டு. நம்மூர் மருந்துக் கம்பெனிகள் அமெரிக்காவில் கடை விரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது தனிக் கதை.

நமக்கு நெருக்கமானது போபால். விபத்து நடந்த அதே 1984 டிசம்பரில், யூனியன் கார்பைடின் இன்னொரு ஆலை இருந்த மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊருக்கே துணைக்குழுவைக் கூட்டிப்போய் விசாரணை நடத்தினார். எந்த ஆலை எந்த நச்சை எவ்வளவு வெளியே விட்டது என்று வருஷாவருஷம் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் அங்கே 1986-இல் வந்தது. அதே வருஷம் நாமும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் போட்டோம். ஆபத்தான ஆலைகள் அக்கம்பக்கத்தாருக்கு விவரம் சொல்ல வேண்டும் என்று 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தையும் திருத்தினோம். ஏட்டில் குறையே இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் உர ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்துக்காரர்கள் மூச்சுத்திணறி ரோட்டுக்கு ஓடிவந்ததைப் பக்கத்து ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் உறுப்பினர்களுக்கு ஒரு கட்டு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். டிங்கலை எதிர்த்த மாதிரி சபையில் எதிர்க்க முடியாது. ஆனால் நாடாளுமன்ற நிலைக்குழுக்களில் கொறடா உத்தரவு செல்லாது. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கோப்புகளை வரவழைக்கலாம். உங்கள் எம்.பி. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரும்போது, எந்தக் குழுவில் இருந்தார், மணலியைப் பற்றி அங்கே என்ன கேட்டார் என்று விசாரியுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.