மலை வீட்டில் மர டெக்: வேலையை யாரிடம் கொடுப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெக் பற்றியவை, அதாவது வீட்டை ஒட்டி வெளியே தூண் நிறுத்திப் போடும் திறந்த பலகைத் தளம். மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாவற்றிலும் தெரிகிறது. அவசரத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சார், மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் மட்டும் சதுர அடிக்கு மற்றவர்கள் கேட்டதில் பாதிதான் சொல்கிறார். அவரிடமே கொடுக்கலாமா? (கோத்தகிரி)

என்ன மரம், பலகை எத்தனை அங்குலம், பலகையை அடியில் தாங்கும் மரச் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி எவ்வளவு, திருகு ஸ்டெயின்லெஸ்ஸா ஜி.ஐ.யா (துத்தநாகம் பூசிய இரும்பு)? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் விலையை மட்டும் எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? முதலில் இவற்றை ஒரு தாளில் எழுதி, மூவரிடமும் அதே தாளைக் கொடுத்து விலை கேளுங்கள். பாதி விலைக்காரர் பெரும்பாலும் பலகைக்கு அடியில்தான் மிச்சம் பிடிப்பார். 16 அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டிய சட்டம் 2 அடிக்கு ஒன்றாகிவிடும். நடந்தால் பலகை தொய்யும்.

'அரசுப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்' என்று கார்டு கொடுத்தார். அது போதாதா? (கூடலூர்)

போதாது. அந்தப் பதிவு அரசு டெண்டர் எடுப்பதற்கு. மரவேலை தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது. அவர் போட்டு இரண்டு மழைக்காலம் தாண்டிய டெக் இரண்டையாவது நேரில் போய்ப் பாருங்கள். மேலே நின்று பார்த்தால் பாலிஷ்தான் தெரியும். குனிந்து அடியில் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப்போய்த் தூணின் அடிப்பாகத்தில் குத்துங்கள். இறங்காவிட்டால் சரி. சொதசொதவென்று உள்ளே போனால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் பக்கம் தென்மேற்கு மழையும் அதிகம், கரையானும் அதிகம். மண்ணுக்குக் கரையான் மருந்து அடிப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எங்கள் தோட்டத்து சில்வர் ஓக்கை வெட்டி அதிலேயே போட்டுத் தருகிறேன் என்கிறார். செலவு குறையுமாம். (ஊட்டி)

வேண்டாம். சில்வர் ஓக் மழையிலும் வெயிலிலும் நிற்கிற மரமல்ல. அதுவும் பச்சை மரம் என்றால் காயக் காய முறுக்கிக்கொண்டு திருகையே பிடுங்கிவிடும். ஈரமானி வைத்துப் பார்த்து, ஈரம் 15 சதவீதம் அளவில் இருக்கிற மரத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மேலும், இங்கே மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எங்களுடையது பழைய கல் வீடு, பின்னால் சரிவு. வீட்டுப் பக்கம் சுவரில் போல்ட் அடித்து மாட்டிவிடலாம், சரிவுப் பக்கம் மட்டும் இரண்டு தூண் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். (குன்னூர்)

தயவுசெய்து நிறுத்துங்கள். பழைய மலை வீடுகள் பலவற்றில் கல்லுக்கு நடுவே இருப்பது மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து. துளை போடும்போது செம்மண் தூளாகக் கொட்டினால், போல்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இப்படி மாட்டிய ஒரு டெக்கை இரண்டாவது ஐப்பசி மழை முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். சுவருக்கும் உத்தரத்துக்கும் நடுவே என் கை நுழைந்தது. போல்ட்டை விரலால் இழுத்தேன், ஈர மண் ஒட்டியபடி வந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் தினமும் அதன்மேல்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. டெக் சரிவதற்கு ஒரு முக்கியமான காரணம் வீட்டோடு சேரும் இந்த இடம்தான். அது விழாவிட்டாலும் அந்தச் சந்தில் தண்ணீர் தங்கிச் சுவருக்குள் இறங்கும். உள்ளே பீரோவில் இருக்கிற துணி பூசணம் பிடிக்கும்.

டெக் தன் காலில் தானே நிற்கட்டும். வீட்டுப் பக்கமும் தூண் வையுங்கள், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி. அஸ்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கக் கூடாது. 3 அடியோ 4 அடியோ, கெட்டியான பழைய மண் வரும்வரை தோண்ட வேண்டும். அஸ்திவாரக் கான்கிரீட் மண் மட்டத்துக்கு மேல் அரை அடி எழும்பி, அதன்மேல் தூணின் அடியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் செருப்பு வைத்து, அதில்தான் மரத்தூண். கட்டையை மண்ணில் புதைக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! தடுப்புச் சுவரின் நீர்த்துளைகளை அடைக்க விடாதீர்கள். கூரைத் தண்ணீரையும் அந்தச் சரிவில் விடக் கூடாது. 2009 நவம்பரில் சரிவுகள் எப்படி இறங்கின என்பதைக் குன்னூர்க்காரரான நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சதுர மீட்டருக்கு 300 கிலோவாவது தாங்க வேண்டும். 12க்கு 15 அடி டெக் என்றால் சுமார் 5 டன். இந்தக் கணக்கை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டுக் கையெழுத்திட்டுத் தரட்டும். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிற கான்ட்ராக்டர் உங்களுக்கு வேண்டாம்.

பாதிப் பணம் அட்வான்ஸாகக் கேட்கிறார். தெரிந்தவர்தான். (வெலிங்டன்)

தெரிந்தவரானாலும் 10, 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மரம் வந்து இறங்கியதும் ஒரு பகுதி. சட்டம் நின்று, பலகை மூடுவதற்கு முன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒரு பகுதி. கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழை பார்த்த பிறகு. இதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மரம்தானே, அனுமதி தேவையில்லை என்கிறார். (கொடைக்கானல்)

அதை அவர் சொல்லக் கூடாது, நகராட்சி சொல்ல வேண்டும். மலைப்பகுதிக்குக் கட்டட விதிகள் தனி. வரைபடத்தோடு எழுத்தில் கேளுங்கள். சீல் வைத்தால் வீட்டுக்காரர் பெயரில்தான் நோட்டீஸ் வரும்.

பிளாஸ்டிக் கலந்த பலகை போட்டால் பராமரிப்பே வேண்டாமாமே? (ஊட்டி)

பலகை மட்டும்தான் அது. அடியில் இருப்பது மரம் அல்லது இரும்பு. உங்கள் மூடுபனிக்கு எந்தப் பலகையிலும் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். இந்தப் பலகைக்குச் சட்டத்தை இன்னும் நெருக்கமாக, 12 அங்குலத்துக்கு ஒன்று என்ற அளவில் வைக்க வேண்டியிருக்கும். முன்பு இதைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

டெக் போட எவ்வளவு ஆகும்? (ஊர் இல்லை)

நீளம், அகலம், தரையிலிருந்து உயரம் எதுவுமே இல்லாமல் எப்படிச் சொல்வது? அளவுகளோடு நான்கு புகைப்படம் அனுப்புங்கள். அதில் ஒன்று சரிவின் கீழே நின்று வீட்டைப் பார்த்து எடுத்ததாக இருக்கட்டும்.