கடற்படையில் இருந்தவர்களுக்கு, ஓய்வுபெற்று முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து ஆஸ்பெஸ்டாஸ் நோய் வருகிறது என்கிறார்களே, உண்மையா? இன்ஜின் அறையில் வேலை பார்க்காதவர்களுக்கும் வருமா?

இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்பதுதான் பதில்.

இங்கிலாந்தின் தென்கரையில், கடற்படைத் தளம் உள்ள ஓர் ஊரில் நெஞ்சக நோய்ப் பிரிவுச் செவிலியராக இருக்கிறேன். மூச்சிரைப்போடு வரும் எழுபது, எண்பது வயதுக்காரர்களில் பழைய கடற்படையினர் நிறையப் பேர். புகை பிடிப்பீர்களா, எத்தனை ஆண்டுகளாக என்று அவர்களிடம் எல்லா மருத்துவர்களும் கேட்டிருப்பார்கள். எந்தக் கப்பல், என்ன வேலை, எங்கே படுத்துத் தூங்கினீர்கள் என்று பல நேரங்களில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

தூங்கிய இடத்தை ஏன் கேட்க வேண்டும் என்பதற்குக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்கள் நீராவியில் ஓடியவை. கொதிகலனிலிருந்து கிளம்பும் நீராவிக் குழாய்கள் கப்பல் முழுவதும் ஓடும். அந்தச் சூட்டை அடக்கவும், தீ பரவாமல் தடுக்கவும் கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸைவிட மலிவான பொருள் அன்று கிடையாது. கல்நார்த் தூளை வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, வெறுங்கையால் குழாய்மீது அப்புவார்கள். 'குரங்குச் சாணி' என்பது அந்தக் குழம்புக்கு இங்குள்ள தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர். காய்ந்ததும் துணி சுற்றி வர்ணம் பூசிவிடுவார்கள். அது அப்படியே இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஒரு வால்வு கசிந்தால்தான் ஆபத்து. உறையைச் சுத்தியலால் உடைத்துப் பிய்த்தெடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் பெருக்க வேண்டும். காற்றோட்டம் குறைந்த அடித்தளத்தில் அந்தத் தூசு மணிக்கணக்காக மிதக்கும். முகமூடி என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது.

குழாய்கள் இன்ஜின் அறையோடு நின்றுவிடவில்லை. மாலுமிகள் சாப்பிடும், தூங்கும் தளத்துக் கூரையிலும் அவை ஓடின. நான் கவனித்துக்கொண்ட ஒருவர் கப்பலில் சமையல் பிரிவில் இருந்தவர். கொதிகலன் பக்கம் போனதே இல்லை. மேலடுக்குப் படுக்கை அவருடையது. முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் குழாய். பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் கப்பல் அதிர, உறையின் விரிசலிலிருந்து வெள்ளைத் தூள் போர்வைமேல் உதிருமாம். "காலையில் போர்வையை உதறிவிட்டு வேலைக்குப் போவோம்" என்றார். அந்த உதறலில் எத்தனை பேர் சுவாசத்துக்குள் அது போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கல்நார் நோய் கரி அள்ளியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும்தான் வரும் என்று அவர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

பதவியும் யாரையும் காப்பாற்றவில்லை. 1970 முதல் 1974 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அட்மிரல் எல்மோ ஜும்வால்ட், 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மீசோதீலியோமாவால்தான் இறந்தார். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் அது. பெரும்பாலும் கல்நாரால் வருவது. புகைப்பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஏன் இத்தனை ஆண்டுகள்? கல்நார் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. நுரையீரலின் அடி ஆழம்வரை இறங்கிவிடும். உடலின் காவல் செல்கள் அவற்றை விழுங்கிக் கரைக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். பழுப்பு, நீலக் கல்நார் வகைகள் பல பத்தாண்டுகள் உள்ளேயே தங்கி, ஓயாத அழற்சியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அழற்சி புற்றாக மாற 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம்.

இந்தத் தாமதம்தான் அன்றைய நிபுணர்களையும் ஏமாற்றியது. 1946இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கடற்படைக் கப்பல்களின் குழாய்களுக்கு உறையிடும் 1,074 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். மூன்று பேருக்குத்தான் கல்நார்த் தழும்பு நோய் (ஆஸ்பெஸ்டோசிஸ்) இருந்தது. ஆகவே இது ஆபத்தான தொழில் அல்ல என்று எழுதிவிட்டார்கள். ஆனால் பரிசோதிக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் அந்த வேலைக்கு வந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை; நோய் கண்ட மூவருமோ இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தவர்கள். விதைத்த மறுநாள் வயலைப் பார்த்துவிட்டு எதுவும் முளைக்கவில்லை என்று சொன்ன கதை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்களும் கல்நாருக்கும் மீசோதீலியோமாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்கள். 1968இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்து ஆபத்தைப் பற்றி எழுதிய ஹாரிஸ், கடற்படையின் சொந்த மருத்துவர். அதற்குள் ஒரு தலைமுறை முழுவதும் சுவாசித்து முடித்திருந்தது. தளத்தில் வேலை பார்த்தவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்த மனைவிமார்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

கல்நாரால் வருவது எல்லாமே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். நுரையீரல் உறையில் ஆங்காங்கே தடிப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தொல்லை தராது. பழைய தொடர்புக்கு அடையாளம், அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரலே தழும்பேறி இறுகிப்போவது. நிறையத் தூசு தின்றவர்களுக்கு வருவது. நுரையீரல் புற்றுநோயும் வரலாம். புகை பிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்காகும், அதனால் எண்பது வயதிலும் சிகரெட்டை விடுவதில் பலன் உண்டு.

பிரிட்டனில் இவர்களுக்கு நடந்த அநீதி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே கப்பலில், ஒரே குழாயை, ஒரே நாளில் உடைத்த இருவரில், தளத்தின் சிவில் தொழிலாளி அரசின்மீது வழக்குத் தொடர்ந்து இழப்பீடு பெறலாம். சீருடையில் இருந்தவர் முடியாது. அரசின்மீது வழக்குத் தொடர்வது பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தடுத்தது. 1987இல் அந்தத் தடையை எடுத்தார்கள், ஆனால் முன்தேதியிட்டு அல்ல. கல்நார் சுவாசித்தவர்களோ பெரும்பாலும் அதற்கு முந்தையவர்கள். அவர்களுக்கு மிஞ்சியது போர் ஓய்வூதியம். அது உயிரோடு இருக்கும்வரை வாரக் கணக்கில் தருவது. மீசோதீலியோமா வந்தவர்களில் பலர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருப்பதில்லை. மனைவி இல்லாதவர் என்றால், பின்னால் விதவை ஓய்வூதியத்துக்கும் ஆள் இல்லாமல், மிகச் சொற்பத் தொகையோடு கணக்கு முடிந்துவிடும். ராயல் பிரிட்டிஷ் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகள் விடாமல் போராடிய பிறகு, 2015 டிசம்பரில் 1,40,000 பவுண்டு ஒரே தவணையில் தருவதாக அறிவித்தார்கள். அதுவும் முதலில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே படுக்கையில் கிடந்தவர்களைச் சேர்க்க 2016இல் இன்னொரு சுற்றுப் போராட்டம் வேண்டியிருந்தது. நாட்டுக்காக உழைத்தவர்கள் மரணப் படுக்கையிலிருந்து கெஞ்ச வேண்டியிருந்ததை என்னால் மன்னிக்க முடியாது.

அப்பாவோ தாத்தாவோ இந்தியக் கடற்படையில் இருந்தவர் என்றால் உங்களுக்கும் இது பொருந்தும். 1948இல் வந்த ஐ.என்.எஸ். டெல்லி, 1957இல் வந்த மைசூர், 1961இல் வந்த விக்ராந்த் எல்லாம் பிரிட்டனில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல்கள். குழாய்களுக்குக் கல்நார் உறை போடுவது அங்கே வழக்கமாக இருந்த காலத்தில் உருவானவை.

அவர் நினைவு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்: கப்பல்களின் பெயர், ஆண்டு, என்ன பிரிவு, கப்பலின் எந்தத் தட்டில் படுக்கை, பழுதுபார்ப்புக்குக் கப்பல் கடற்படைத் தளத்தில் நின்ற மாதங்களில் உள்ளேயே தங்கினாரா, உடன் இருந்தவர்கள் யார். பணியிலிருந்து விடுவிக்கும்போது தந்த புத்தகத்தின் (டிஸ்சார்ஜ் புக்) நகலையும் அதோடு வையுங்கள். 'நேவியில் இருந்தார்' என்ற ஒற்றை வரியை வைத்து மருத்துவராலும் ஓய்வூதிய அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. இழப்பீட்டுக்கு வழி உண்டா என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மூச்சிரைப்பு, ஒரு பக்க நெஞ்சு வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தத் தாளோடு நெஞ்சக மருத்துவரிடம் போங்கள். நம் ஊரில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் காசநோய் என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பழைய கடற்படைக்காரருக்கு, சோதனையில் காசநோய்க் கிருமி தெரியாமலேயே மாத்திரை தொடங்கி, எடுத்த நீர் மறுபடி மறுபடி கோத்துக்கொண்டே இருந்தால், மாத்திரை முடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். சி.டி. ஸ்கேனும், நுரையீரல் உறையிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பதும் தேவையா என்று நேராகக் கேளுங்கள். நீரை மட்டும் சோதித்து மீசோதீலியோமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.