போல்கா போலந்து நாட்டு நடனமா? அதை எப்படி ஆடுவார்கள்?

பெயரைப் பார்த்துப் பலரும் போலந்து என்றுதான் நினைக்கிறார்கள். இல்லை, போல்கா பிறந்தது போஹிமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், 1830களில். செக் மொழியில் 'பூல்கா' என்றால் பாதி. ஆட்டத்தில் வரும் அரை அடியை வைத்து இந்தப் பெயர் வந்தது என்பார்கள். போலந்துப் பெண்ணைச் செக்கில் 'போல்கா' என்பதால் அப்படி வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆடிப் பார்த்ததால் எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

செக் நாட்டு ப்ர்னோ நகரில் வேலை பார்த்த நாட்களில் கூட வேலை செய்த ஒருவர் தன் ஊர் நடன விருந்துக்குக் கூட்டிப் போனார். ஜனவரி, பிப்ரவரி வந்தால் அங்கே ஊருக்கு ஊர் இது நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் பதினாறு வயதுவாக்கில் நடன வகுப்பில் சேர்வது இன்னமும் வழக்கம் என்பதால் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அடிகள் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய பாட்டி. மூன்று சின்ன அடி, நான்காவதற்கு ஒரு துள்ளல், அப்புறம் அடுத்த காலில் திரும்ப அதே. கேட்க எளிதுதான், ஆனால் துள்ளும்போதே ஜோடியாகச் சுற்றவும் வேண்டும், ஒவ்வொரு தாளவட்டத்துக்கும் அரைச் சுற்று. நான் துள்ள வேண்டிய நொடிக்குச் சற்று முன்னால் பாட்டி என் தோளை விரல்களால் லேசாக அழுத்துவார். பத்து நிமிடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு அந்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க ஆரம்பித்தேன், கால் தானாக வந்தது!

தாளம் இரண்டே தட்டு. பெரிய டூபா ஒவ்வொரு தட்டிலும் 'பூம்' என்று விழும், இடையில் உள்ள அரைத் தட்டில் மற்ற பித்தளைக் குழல்கள் 'பா' என்று பதில் சொல்லும், மேலே கிளாரினெட் ஓடும். இந்த ஊதுகுழல் இசையைச் செக்கில் 'டெஹோவ்கா' என்கிறார்கள், 'டெஹ்' என்றால் மூச்சு. அக்கார்டியன் வைத்து வாசிப்பதும் உண்டு, குறிப்பாக அமெரிக்காவில் குடியேறிய ஸ்லோவேனியர்களின் போல்காவில் அதுதான் நாயகன்.

1844 வாக்கில் பாரிஸும் லண்டனும் போல்காப் பைத்தியம் பிடித்து ஆடின. நம் ஊர்த் துணிக்கடையில் 'போல்கா டாட்' என்கிறோமே, புள்ளிக்கும் நடனத்துக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. அந்த மோகத்தில் கண்டதற்கெல்லாம் போல்கா என்று பெயர் வைத்தார்கள், புள்ளித் துணிக்கு மட்டும் அது நிலைத்துவிட்டது.

உலகத்துக்கே தெரிந்த போல்கா மெட்டு ஒன்று உண்டு. இன்று பிராக் நகரோடு சேர்ந்துவிட்ட ஸ்ப்ராஸ்லாவ் என்ற ஊரைச் சேர்ந்த யரோமீர் வெய்வோடா 1927-இல் போட்டது. முதலில் அதற்கு வரிகளே கிடையாது. 1934-இல் செக்கில் வரிகள் எழுதி 'ஷ்கோடா லாஸ்கி' என்று பெயர் வைத்தார்கள், 'வீணாய்ப் போன காதல்' என்று சொல்லலாம். ஜெர்மனியில் அது 'ரோஸமுண்டே' ஆனது, ஆங்கிலத்தில் 1939-இல் 'பீர் பேரல் போல்கா'. இரண்டாம் உலகப் போரில் எதிரெதிர் அணியில் நின்ற சிப்பாய்கள் இரண்டு பக்கமும் இதே மெட்டைத்தான் பாடினார்கள். எனக்கு இது இப்போதும் பெரிய ஆச்சரியம்.

அன்றைக்கு விருந்தில் அதை வாசித்ததும் மண்டபமே சேர்ந்து பாடியது. ஆங்கில வரிகள் பீப்பாயை உருட்டிக் கொண்டாடச் சொல்கின்றன, செக் வரிகளோ போன காதலுக்கு அழுகின்றன. அந்தச் சோகத்தை வாய் நிறையப் பாடிக்கொண்டே பாட்டி என்னைச் சுற்றிவிட்டார், மூச்சு வாங்கவே இல்லை அவருக்கு.

கேட்டுப் பார்க்க நினைத்தால் செக் பதிப்பிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு டூபாவை மட்டும் கேளுங்கள், கால் எங்கே விழ வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.