நான்கு வயதுப் பிள்ளையை ஓதப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைகிறது. அன்று பிஸ்மில்லாஹ் ஓதவைத்து, மறுநாளே குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் மதரஸாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மாமியார். மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் வகுப்பு. ஏழு வயதுக்கு முன் எதுவும் வேண்டாம் என்கிறார் கணவர். எல்.கே.ஜி. போகும் பையன் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டான். பக்கத்து வீட்டுச் சிறுமியோ இதே வயதில் குர்ஆனின் பத்து சூராக்கள் (அத்தியாயங்கள்) ஓதுகிறாள். எனக்குத் தஜ்வீத் (சரியான உச்சரிப்போடு ஓதும் முறை) சரியாக வராது. தாமதித்தால் பாவமாகுமா?
- வாசகி, வாணியம்பாடி

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. பாவம் இல்லை. முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். இந்த வயதில்தான் ஓதத் தொடங்க வேண்டும் என்று குர்ஆனிலும் இல்லை, நபிமொழிகளான ஹதீஸிலும் இல்லை. நான்கு நான்கு நான்கு என்ற கணக்கு இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்களின் பழைய வழக்கம். அழகான வழக்கம்தான், மார்க்கச் சட்டம் அல்ல.

உங்கள் கணவர் சொல்லும் ஏழு வயதுக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அபூதாவூத் என்ற ஹதீஸ் நூலில் வரும் அந்த நபிமொழி, ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழ ஏவும்படி சொல்கிறது. குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹா ஓதாமல் தொழுகை ஏது? ஏழு வயதில் பையன் தந்தையின் பக்கத்தில் நின்று தொழ வேண்டுமானால், ஃபாத்திஹாவும் இரண்டு மூன்று சிறிய சூராக்களும் அதற்குள் நாவில் பழகியிருக்க வேண்டும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

என் கருத்து இதுதான்: காதால் கற்பதை இன்றே தொடங்குங்கள், எழுத்தும் மதரஸாவும் சிறிது காத்திருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் உங்கள் வீட்டில் இவ்வளவு வாக்குவாதம்.

அரபு எழுத்து அவனிடம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். இதுவோ வலமிருந்து இடம். பே, தே, ஸே மூன்றுக்கும் உருவம் ஒன்றே, புள்ளிதான் வேறு. ஜீம், ஹே, கே மூன்றும் அப்படியே. அதே எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் வேறு வடிவம். ஒலியோ இன்னும் கடினம். ஸீன், ஸே, ஸாத் மூன்றையும் வாய் பிரித்துச் சொல்ல வேண்டும்; தொண்டை அடியிலிருந்து ஐன் வர வேண்டும். பல பிள்ளைகளுக்கு நான்கு வயதில் வீட்டில் பேசும் 'ர'வே திருந்தியிருக்காது. அவனை ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தித் திருத்தினால் ஓதுவது என்றாலே முகம் சுளிப்பான். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் நூல்களில் நபிமொழி இருக்கிறது. நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

எப்போது தயார் என்பதை அவனே காட்டுவான். ஒரு கதையை முடியும் வரை உட்கார்ந்து கேட்பான். நீங்கள் சொன்ன வரியைத் திருப்பிச் சொல்வான். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு படங்களில் வித்தியாசம் கண்டுபிடிப்பான். சிறுநீர் வந்தால் வெட்கப்படாமல் கேட்பான். எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று: வெளியே நடந்ததை வீட்டுக்கு வந்து கோவையாகச் சொல்லத் தெரிய வேண்டும். யாராவது அடித்தாலோ, மிரட்டினாலோ, தொட்டாலோ சொல்லத் தெரியாத பிள்ளையை எந்த வகுப்புக்கும் தனியே அனுப்பாதீர்கள். பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதுக்குள் இவையெல்லாம் கூடிவரும்.

அதுவரை வீட்டில் ஓதுங்கள். உங்களுக்குத் தஜ்வீத் வராதது தடையல்ல. எகிப்தின் காரி (குர்ஆன் ஓதுநர்) மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி நிறுத்தி நிதானமாக ஓதியிருக்கிறார். அந்த ஒலிப்பதிவைத் தூங்கும் முன் ஐந்து நிமிடம் போடுங்கள். இக்லாஸ் சூரா நான்கே வசனம், கவ்ஸர் சூரா மூன்றே. ஒரே சூராவை இரண்டு வாரம் கேட்கட்டும். அவனாகச் சொல்லத் தொடங்கும்போது சேர்ந்து சொல்லுங்கள்; உங்கள் ஓதலும் திருந்தும். பொருளைத் தமிழில் இரண்டு வரியில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சிறுமியின் பெயரை மட்டும் அவன் காதுபட எடுக்காதீர்கள்.

மதரஸாவைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைவிட ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் (ஆசிரியர்) முக்கியம். ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் அவரைக் கண்டு ஓடி வருகிறார்களா, ஒடுங்குகிறார்களா? பழைய பாடத்தைக் கேட்ட பிறகுதான் புதியது கொடுக்கிறாரா? கையில் பிரம்பு இருந்தால், எவ்வளவு பெயர்பெற்ற ஹஜ்ரத்தாக இருந்தாலும் வேண்டாம். அடிக்குப் பயந்து ஓதிய பிள்ளைகள் பலர் வளர்ந்த பிறகு முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) திறப்பதே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

அடுத்த மாதம் மாமியார் ஆசைப்படி பிஸ்மில்லாஹ் நடக்கட்டும். அவர் மடியில் உட்கார்ந்தே பையன் சொல்லட்டும், பேரீச்சம்பழம் பங்கிடுங்கள். மறுநாள் மதரஸா வேண்டாம். அடுத்த கோடை விடுமுறையில், காலையில், பள்ளிக் களைப்பு இல்லாத நேரத்தில் கொண்டுபோய் விடுங்கள். முதல் மாதம் கால் மணி நேரம் போதும் என்று உஸ்தாதிடம் கேளுங்கள். நல்ல உஸ்தாத் மறுக்கமாட்டார். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.