‘எனக்கெல்லாம் வராது’ என்பவருக்கு 70, அஞ்சுபவருக்கு 40

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘என் கணவருக்கு வயது 48, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ.; காலை முதல் இரவு வரை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தே வேலை. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பரிசோதனைக்கு அழைத்தால், “மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, எனக்கெல்லாம் வராது” என்கிறார். எனக்கு வயது 44, சுற்றளவு 78 செ.மீ., தினமும் நடக்கிறேன், பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் லேசாகத் தலை சுற்றினாலே பயந்துவிடுகிறேன். இந்தக் குணங்களை மாற்ற முடியுமா?’

குணத்தை மாற்ற முயல வேண்டாம், அம்மா. நல்லதே நடக்கும் என்று நம்பும் இயல்பு உடையவர்களுக்கு இதய நோய்கள் குறைவாக வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த இயல்பு உங்கள் கணவருக்கு ஒரு சொத்து. தன் உடலுக்குள்ள ஆபத்தைக் குறைத்து எடைபோடுவதுதான் சிக்கல். கெடுதல்கள் மற்றவர்களைவிடத் தமக்கு வரும் வாய்ப்பு குறைவு என்றே பெரும்பாலோர் கருதுவதை அமெரிக்க உளவியலாளர் நீல் வெய்ன்ஸ்டைன் 1980-இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டறிந்தார். நம்முடைய நல்ல பழக்கங்கள் சட்டென்று நம் நினைவுக்கு வருகின்றன. பக்கத்துப் பட்டறைக்காரரும் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுகிறார் என்பது வருவதில்லை.

ஆகவே குணத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணின்படி, உங்கள் கணவரின் வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உடற்பயிற்சியின்றி உட்கார்ந்த வேலை செய்வதற்கு 30, தந்தையின் நோய்க்கு 10, ஆக 70. உங்களுக்கு வயதுக்கு 20, நடைப்பயிற்சி மட்டும் இருப்பதால் 20, ஆக 40. 60-ஐத் தொட்டாலே அதிக ஆபத்து. நோய் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று பொருள்.

நோயின் கொடுமைகளைச் சொல்லி அவரை மிரட்டாதீர்கள்; இப்படிப்பட்டவர்கள் அதைச் சிரித்தே தள்ளிவிடுவார்கள். டேப்பைக் கையில் கொடுத்து, இந்தக் கூட்டலை அவரையே போடச் சொல்லுங்கள். பிறகு பட்டறை திறக்கும் முன் இருவரும் வெறும் வயிற்றோடு போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-உம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். உங்களுடைய அளவு இயல்பாக இருந்தால், அடுத்த பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடமே கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, வேறு அறிகுறி இல்லாதவரை இடையில் லேப் பக்கம் போகாதீர்கள்.