யாரும் சாகாத விபத்து

அன்புள்ள ஐயா,

2023 கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் ஆரம்பித்த சண்டை எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. ‘அரியலூர் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார், இன்றைய அமைச்சருக்கு அந்த மானம் இல்லை’ என்றேன். என் மச்சினன், ‘எந்த மந்திரி ராத்திரி பகலாக அங்கேயே நின்று 51 மணி நேரத்தில் ரயில் ஓட வைத்தார்?’ என்று கேட்டான். வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறியவன், தீபாவளிக்கும் வரவில்லை. யார் பக்கம் நியாயம்? நீங்கள் ஏன் இதில் வாயே திறக்கவில்லை? நாவல் எப்போது வரும்?

கே., விழுப்புரம்

அன்புள்ள கே.,

எழுதுகிறவன் எல்லா விபத்துக்கும் அறிக்கை விடவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் சாஸ்திரி பெயரைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த மனிதரை நாம் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. எங்கே ரயில் கவிழ்ந்தாலும் எதிர்க்கட்சியில் இருப்பவர் அவரை எடுத்து ஆளுங்கட்சியை அடிப்பார். ஆட்சி மாறினால் கை மாறும், கம்பு அதேதான்.

1956 நவம்பர் 23, அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. அதே வருடம் மகபூப்நகரில் ரயில் கவிழ்ந்தபோதே ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி விலக முன்வந்தார், நேரு விடவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். தவறு சாஸ்திரியுடையது அல்ல, ஒரு முன்மாதிரிக்காகத்தான் ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொல்லியே ஏற்றார். சரி, அதனால் இங்கே வாய்கள் மூடிவிட்டனவா? துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனைப் பிடித்துக்கொண்டார்கள். ‘அரியலூர் அழகேசா, நீ ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா’ என்று தி.மு.க. மேடைகளில் முழங்கினார்கள். நல்ல எதுகை. ஓட்டுக்கும் உதவியிருக்கும். அடுத்த வருடமே சாஸ்திரி வேறு இலாகாவுடன் மறுபடி அமைச்சர். அவருடைய நேர்மையைக் குறை சொல்லவில்லை. ராஜினாமா பாலத்தைக் கட்டாது என்கிறேன், அவ்வளவுதான்.

நம்பிக்கை வரவில்லையா? 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசலில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. சிக்னல் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஒரே லைனில் இரண்டையும் விட்டுவிட்டார்கள். நிதிஷ்குமார் ராஜினாமா செய்தார். 2001-இல் அவரே திரும்ப ரயில்வே அமைச்சர். 24 வருடம் கழித்து ஒடிஷாவின் பாலசோரில், உங்கள் கோரமண்டல் விபத்தில், மறுபடியும் சிக்னல் வேலை, மறுபடியும் சாவு, 290-க்கு மேல். உங்கள் மச்சினனும் துள்ள வேண்டாம். தண்டவாளத்தைச் சீக்கிரம் போட்டது சாமர்த்தியம். ஆனால் கேள்வி அதுவல்லவே.

என் சித்தப்பா ஒருவர் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். சிக்னலை இயக்குகிற கருவிகள் இருக்கும் ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று சிக்னல்காரரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். வேலை முடிந்து, சிக்னலை மறுபடி இணைத்தாயிற்று என்று சிக்னல்காரர் ரீகனெக்‌ஷன் மெமோவை நீட்டினால் சித்தப்பா உடனே கையெழுத்துப் போட மாட்டார். ஸ்டேஷனுக்குள் இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகையில், அதாவது பானலில், எரிகிற விளக்கை நம்பாமல், ரயிலைத் தடம் மாற்றிவிடுகிற பாயின்ட்டைப் பார்க்க ஆளை அனுப்பி, ‘பாயின்ட் எந்தப் பக்கம் கிடக்கிறது, கண்ணால் பார்த்துச் சொல்’ என்பார். அவுட்டர் சிக்னலில் எக்ஸ்பிரஸ் நின்று கூவும். கன்ட்ரோல் போனில் அவர் வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது. சித்தி அவரைப் பயந்தாங்கொள்ளி என்பாள்.

பாலசோர் விபத்து நடந்த பாஹநகா பஜார் ஸ்டேஷனில் சித்தப்பா பயந்ததுதான் நடந்தது. பானல் நேர் பாதை என்று காட்டியது, பச்சை விழுந்தது. தரையில் பாயின்ட், வண்டிகளை ஒதுக்கி நிறுத்துகிற லூப் லைனுக்குத் திரும்பிக் கிடந்தது, அங்கே இரும்புத் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி. 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? வயரை மாற்றிச் செருகிய பிழை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது, கே., இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2022 மே 16 அன்று அதே கரக்பூர் டிவிஷனில் பாங்க்ராநயாபாஸ் ஸ்டேஷனில் இதே மாதிரி தப்பான வயரிங்கால் ஒரு ரயில் வேறு வழியில் போனது. யாரும் சாகவில்லை. அப்போதே சரிசெய்திருந்தால் பாஹநகா நடந்திருக்காது. இது என் கருத்தல்ல, அறிக்கையே அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடில் இன்னொன்று. அங்கே டிரைவர் கவனித்து நிறுத்திவிட்டார். மறுநாளே ஒரு மூத்த அதிகாரி எச்சரித்துக் கடிதம் எழுதினார். அதற்கும் யாரும் சாகவில்லை.

யாரும் சாகாத விபத்துக்கு எந்தப் பிரதமர் ஹெலிகாப்டரில் வருவார்? யாருடைய ராஜினாமாவை யார் கேட்பார்? மேடையில் எதுகைக்குச் சாவு வேண்டியிருக்கிறது. பாலசோரில் பெட்டிகள் கவிழ்ந்து கிடக்க, மம்தாவும் ரயில்வே அமைச்சரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேமரா முன்னால் சாவு எண்ணிக்கையைத் தர்க்கித்தார்களே, அதைப் பார்த்தீர்கள்தானே? 2008 டெல்லி குண்டுவெடிப்பன்று உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் எத்தனை சட்டை மாற்றினார் என்று நாடே எண்ணியது. தலைவர் வந்தாரா, அழுதாரா, எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதைக் கணக்கு வைக்கிற நாம், பாங்க்ராநயாபாஸ் வயரை யார் பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, உங்கள் மச்சினனும் கேட்கவில்லை. ஆனால் தீபாவளியை மட்டும் கெடுத்துக்கொண்டீர்கள்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருந்தீர்கள். வயதில் பெரியவர் நீங்கள்தானே, முதலில் போனைப் போடுங்கள். சாஸ்திரி பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம், நாவல் இன்னும் முடியவில்லை.